நான் உங்களுக்கு மோர் கொடுக்கவில்லை

அன்புள்ள அப்பாவுக்கு,

நடந்தது எல்லாவற்றையும் உள்ளபடியே எழுதப் போகிறேன். நல்லதை மட்டும் எழுதும் தாளை இன்று மேடையிலேயே வாசித்தாயிற்று. இது அதன் பின்பக்கம்.

கிருஷ்ணகிரி சந்தை மைதானத்தில் உங்களுக்கு இரங்கல் கூட்டம் நடந்தது. இப்போதுதான் முடிந்தது. பந்தலின் ஓரத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். அம்மா பக்கத்தில் இருக்கிறாள். இன்று நாடக சங்கத்துச் செயலாளர் வீட்டில் படுத்துக்கொண்டு, காலை பஸ்ஸில் ஓசூருக்கு, நம் வீட்டுக்குப் போகிறோம். மேடையில் வைத்திருக்கும் உங்கள் படத்தில் கூர்க்குல்லாயும் மூக்கில் சிவப்பும் இருக்கின்றன. வேஷம் போடாத முகத்தோடு உங்களுக்கு ஒரு படம்கூட இல்லை என்பது, மாலை போடுவதற்குத் தேடியபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

உங்கள் கதையைப் பலர் பேசினார்கள். நாடகக் கம்பெனியில் திரை இழுத்துக்கொண்டிருந்த சென்னப்பாவை, அதாவது உங்களை, பபூனுக்குக் காய்ச்சல் வந்த அன்று மேடையில் தள்ளிவிட்டார்களாம். உங்களுக்குப் பாட்டு மறந்துவிட்டது. முன்வரிசையில் இருந்த மண்டிக்காரர், "இன்னாடா, பாட்டு மறந்து போச்சா?" என்று கத்தினார். நீங்கள் அவரைக் கும்பிட்டு, "மறக்கலீங்க. உங்க மூஞ்சியப் பாத்ததும் அது உள்ளாரயே ஒளிஞ்சிக்கிச்சு" என்றீர்கள். அன்று ராஜாவையும் ராணியையும் யாரும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு ஆனேக்கல், மாலூர், சூளகிரி என்று எங்கே கொட்டகை போட்டாலும், நாடகம் என்னவென்று கேட்காமல், பபூன் வருகிறாரா என்றுதான் கேட்டார்கள்.

நீங்கள் வைத்திருந்த மோர்ச் சட்டத்தையும் சொன்னார்கள். ஒரு ஊரில் நாடகம் என்றால் மத்தியானமே நீங்கள் தெருவில் இறங்கிவிடுவீர்கள். யார் வீட்டு வாசலில் நின்று மோர் வாங்கிக் குடிக்கிறீர்களோ, அவரைத்தான் அன்று மேடையில் திட்டுவீர்கள். மோர் கொடுத்தால் திட்டலாம் என்று அர்த்தம். கொடுக்காதவர் மேல் ஒரு சொல்லும் விழாது. ரெட்டியாரைத் தெலுங்கிலும் கௌடரைக் கன்னடத்திலும் மற்றவர்களைத் தமிழிலும் திட்டுவீர்கள். திட்டு வாங்காதவர்களுக்குத்தான் வருத்தம். போஸ்ட்மாஸ்டர் ஒருவர் மறுநாள் நம் வீட்டுக்கே வந்து, "நான் என்ன செத்தா போயிட்டேன்? என் வூட்டுக்கு ஏன் மோர் குடிக்க வரல?" என்று சண்டை போட்டாரே, நினைவிருக்கிறதா?

அம்மா ஒருநாள் உங்களைக் கேட்டாள். "தினம் என் கையால குடிக்கிறீங்களே, என்னிக்கு என்னத் திட்டப் போறீங்க?"

"வூட்டு மோரு பசிக்குடி. ஊரு மோருதான் தொழிலுக்கு" என்றீர்கள். அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். நம் வீட்டைத் தொடமாட்டீர்கள் என்று அன்று முழுதாக நம்பினேன்.

எனக்குப் பேச்சு திக்கும் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் வகுப்பில் என்ன நடக்கிறது என்று உங்களிடம் மட்டும்தான் சொன்னேன். தமிழ்ப் பாடத்தை ஒவ்வொருவராக எழுந்து வாசிப்போம். என் முறை வரும்போது டீச்சர், "பார்வதி, நீ உட்காரம்மா" என்று அடுத்த பெண்ணை எழுப்பிவிடுவார். அவர் நல்லவர்தான். ஆனால் எனக்கு அந்தப் பாடம் மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். ஆயிரம் பேருக்கு முன்னால் தாள் இல்லாமல் மூன்று பாஷையில் பேசுகிறவர் என் அப்பா. அவரிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பேன்?

நீங்கள் உடனே சம்மதித்தீர்கள். ஊரில் இருக்கும் நாளெல்லாம் காலையில் கிணற்றடியில் என்னை நிற்கவைத்துப் பாடத்தை வாசிக்கச் சொன்னீர்கள். "மூச்ச உட்டுட்டுப் பேசு கண்ணு. எங்க ஓடிப் போவுது வார்த்தை? நின்னு வரட்டும்." நான் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது அவசரப்படுத்தமாட்டீர்கள். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்திருப்பீர்கள். அவ்வளவு பொறுமையாக என்னை யாரும் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் மற்றப் பெண்களைப் பார்க்கும்போது, இவர்களுக்கெல்லாம் இப்படி ஒரு அப்பா இல்லையே என்று நினைத்துக்கொள்வேன்.

போன தை மாதம் சூளகிரி அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே உங்கள் நாடகம் என்று அத்தை என்னைக் கூட்டிப்போனாள். நான் வந்திருப்பது உங்களுக்குத் தெரியாது. பெண்கள் பக்கம், முன்னாலேயே இடம் கிடைத்தது.

மாட்டுத் தரகர் வந்து உட்கார்ந்ததும் தொடங்கினீர்கள். "தரகரு வந்திருக்காரு. எல்லாரும் வாய மூடிக்குங்க. பல்லு தெரிஞ்சா வயசு சொல்லி வெல வெச்சிடுவாரு." பிறகு ரெட்டியார். "ரெட்டியாரு வூட்ல மோரு குடிச்சேன். ஏரி ஏன் காஞ்சு போச்சுன்னு இப்பத்தான் புரிஞ்சுது. தண்ணி பூரா அந்தச் சொம்புலதான் இருக்குது." ரெட்டியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பக்கத்தில் இருந்த பெண்ணிடம், இவர் என் அப்பா என்று சொல்ல வாயெடுத்தேன்.

அப்போது பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். "பள்ளிக்கூடத்துப் பாப்பா வரட்டும்!" கொட்டகை முழுக்க அதையே கேட்டது. நீங்கள் துண்டைப் பாவாடைபோலக் கட்டிக்கொண்டு, விசிறியைப் புத்தகமாகப் பிடித்து, "டீச்சர், நா... நா... நான் ப... ப... படிக்கிறேன்" என்றீர்கள்.

வாசித்தது கிணற்றடியில் நான் வாசித்த பாடம். நான் மாட்டிக்கொண்ட அதே சொற்களில் மாட்டிக்கொண்டீர்கள். சொல் வராதபோது நான் இடது கையால் பாவாடை ஓரத்தைத் திருகுவேன். எனக்கே அது தெரியாது. நீங்கள் துண்டின் ஓரத்தைத் திருகியபோதுதான் என் கையைக் குனிந்து பார்த்தேன். அதுவும் என் பாவாடையைத் திருகிக்கொண்டிருந்தது.

கிணற்றடியில் நீங்கள் எனக்குப் பயிற்சி கொடுத்தீர்களா, என்னிடம் பயிற்சி எடுத்தீர்களா?

அத்தைதான் பிறகு சொன்னாள். "அது இப்ப ரொம்பப் பேர் வாங்கின ஆட்டமாச்சே. எங்க போனாலும் அதத்தான் கேக்கறாங்க. ஓசூர்ல மட்டும் ஆட மாட்டேங்கறாரு, ஏன்னு தெரியல." ஏன் என்று எனக்குத் தெரிந்தது. தப்பு என்று தெரியாமல் செய்திருந்தால் ஓசூரிலும் ஆடியிருப்பீர்கள்.

ஊரெல்லாம் உங்களுக்கு மோர் கொடுத்தது. கேட்டுத்தான் குடித்தீர்கள், குடித்துத்தான் திட்டினீர்கள். என்னிடம் ஏன் கேட்கவில்லை? சின்னப் பெண்தானே என்றா? உங்கள் பெண்தானே என்றா?

அடுத்த வாரம் நீங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். வெயிலில் நடந்து வந்த களைப்பு. "பாப்பா, மோர் கொண்டா" என்றீர்கள். நான் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன்.

"மோர் இல்லியா?"

"இ... இருக்கு."

சொம்பைப் பார்த்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். உங்களுக்குப் புரிந்துவிட்டது. தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து போனீர்கள். அதற்குப் பிறகு கிணற்றடிக்கு நீங்களும் கூப்பிடவில்லை, நானும் வரவில்லை.

இனிமேல் ஆடமாட்டீர்கள் என்று நினைத்தேன், அப்பா. நான்கு மாதம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மாலூரில் நெஞ்சுவலியில் போய்விட்ட உங்களை வண்டியில் கொண்டுவந்த அன்று, ஆர்மோனியக்காரர் தேம்பித் தேம்பி அம்மாவிடம் சொன்னார். "நேத்துகூட நல்லாத்தாம்மா இருந்தாரு. பாப்பா ஆட்டத்த ரெண்டு தடவ கேட்டாங்க, ரெண்டு தடவயும் செஞ்சாரு." எல்லாரும் அழுதார்கள். நானும் அழுதேன். எதற்கு அழுகிறேன் என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இன்றைய கூட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். செயலாளர் முன்பே நம் வீட்டுக்கு வந்து, "பொண்ணு எட்டாவது படிக்குதாமே, அதுவே இரங்கலுரை வாசிக்கட்டும்" என்று தாளைக் கொடுத்தார். அவருக்கு என் பேச்சு பற்றித் தெரியாது. அம்மா வேண்டாம் என்றாள். நான் சரி என்றேன். ஒரு முழுப் பக்கத்தை ஒருமுறையாவது நாலு பேர் முன்னால் வாசித்து முடிக்கவேண்டும் என்று எனக்கு ஆசை.

"பெ... பெ... பெரியோர்களே" என்று தொடங்கினேன். முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு ஒரு வரிசை. பிறகு மைதானமே சிரித்தது. யாரோ விசில் அடித்தார்கள்.

"அட்ரா சக்க! அப்பன அப்படியே உரிச்சு வெச்சிருக்குது!"

"கையப் பாருடா, பாவாடயத் திருகுது பாரு. அதே மாதிரி!"

நான் உங்களைப்போல நடிப்பதாக நினைத்துவிட்டார்கள். என் பேச்சு எனக்கே இரவல் ஆகிவிட்டது. கூட்டத் தலைவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் செய்யம்மா" என்றார்.

பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா எழுந்தாள். வெளி ஆண்கள் முன்னால் அவள் உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. "சிரிக்காதீங்க. அவ ஆடல. அவ பேசறதே அப்படித்தான். அவர்தான் இவளப் பாத்து ஆடினாரு."

விசில் அடித்தவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். நான் தாளைத் தொடர்ந்து வாசித்தேன். வெகுநேரம் ஆயிற்று. கடைசி வரி, "யாரையும் புண்படுத்தாமல் எல்லாரையும் சிரிக்க வைத்தவர்" என்று இருந்தது. அந்த 'பு'வில் மாட்டிக்கொண்டேன். நின்றேன். மூச்சை விட்டேன், நீங்கள் சொன்னபடியே. பிறகு வரியின் தொடக்கத்துக்குத் திரும்பிப் போய், "எ... என்னைத் தவிர யாரையும் புண்படுத்தாமல்" என்று வாசித்து முடித்தேன். யாரும் கை தட்டவில்லை. எனக்கு அது பரவாயில்லை.

கூட்டம் கலைந்ததும் முனிராஜு சித்தப்பா வந்தார். உங்களுக்குப் பின் கம்பெனிக்கு அவர்தான் பபூன். பந்தல் பானையிலிருந்து ஒரு டம்ளர் மோர் மொண்டு வந்து என் கையில் கொடுத்தார்.

"பாப்பா, எனக்கு அண்ணன் மாதிரி நாக்கு கெடயாது. அந்த ஒரு ஆட்டந்தான் எனக்குக் கைதட்டு வாங்கிக் குடுக்கும். அது யாருதுன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. இத உன் கையால எனக்குக் குடுத்தா செய்யறேன். குடுக்கலன்னா விட்டுடறேன். அண்ணன் வெச்ச சட்டந்தானே?"

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். அவருக்கு வீட்டில் சின்னக் குழந்தைகள் இருப்பது எனக்குத் தெரியும்.

"மா... மா... மாட்டேன் சித்தப்பா."

நான் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார். "செரி பாப்பா" என்று தலையில் கை வைத்துவிட்டுப் போனார். நீங்களும் அப்படித்தான் காத்திருப்பீர்கள். ஆனால் அவர் நான் என்ன சொல்கிறேன் என்று கேட்பதற்காகக் காத்திருந்தார்.

ரெட்டியார் வீட்டுச் சொம்பை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது, அப்பா. அதுதான் எனக்கு ரொம்பக் கோபம். உங்களை மன்னித்துவிட்டேன் என்று இதில் எழுத முடியாது. உண்மையை எழுதுவதாகச் சொல்லித்தான் தொடங்கினேன்.

ஒன்று மட்டும் சத்தியம் செய்கிறேன். திங்கட்கிழமை தமிழ் வகுப்பில் டீச்சர் என்னை உட்காரச் சொன்னால் உட்காரமாட்டேன். மணி அடிக்கும்வரை ஆனாலும் என் பாடத்தை நானே வாசிப்பேன். யாராவது சிரித்தால், அந்தச் சொல் வரும்வரை நின்று, வந்த பிறகு மேலே வாசிப்பேன்.

அந்த மோர் டம்ளர் அப்படியே என் பக்கத்தில் இருக்கிறது. விளக்கு வாடகைக்குக் கொடுத்தவர் காஸ் விளக்குகளை ஒவ்வொன்றாக இறக்குகிறார். உங்கள் படத்தின் மேல் இருந்ததையும் இறக்கிவிட்டார். அம்மா போகலாம் என்கிறாள்.

இப்படிக்கு,
நீங்கள் மேடையில் பேர் சொல்லாத உங்கள் மகள்,
பார்வதி.

கடைசி விளக்கையும் அணைக்கப் போகிறார்கள்.