புலிச்சாமிக்கு ஒரு நகல்

சியாயி,
இரண்டாம் மாதம், பதினாறாம் நாள்

அன்பு மகள் பெய்ருங்குக்கு அப்பா எழுதுவது.

இங்கே நான், உன் அம்மா, எம்பிராய்டரி மிஷின்கள் எல்லோரும் நலம். நீயும் உன் ராட்டர்டாம் மழையும் சுகமா என்று தெரிந்துகொள்ள ஆசை. போன வாரத்து வெள்ளிக்கிழமை நீ கூப்பிட்டுக் கூப்பிட்டு இங்கே யாரும் எடுக்கவில்லை என்று கோபித்துக்கொண்டாய் அல்லவா, டெலிபோன் கம்பெனிக்காரன் லைனை வெட்டிவிட்டான் என்று அம்மா உன்னிடம் சொன்னாள். அவள் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள். லைனை வெட்டியவன் நான்தான். நெட் கொடுக்கும் பெட்டியைப் பிடுங்கிக் குளிக்கிற துண்டில் சுற்றி, ஸ்கூட்டரில் கால் நடுவே வைத்துக்கொண்டு, மார்க்கெட் பின்னால் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பாவ்ஜுவிடம் கொண்டுபோய் மேஜைமேல் பத்திரமாக இறக்கி, இதில்தான் என் மகள் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வைத்திருக்கிறாள், வேலை செய்யவில்லை, பார் என்றேன். பாவ்ஜு துண்டை விலக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணே, நீங்க கொண்டாந்தது மோடம். இதப் புடுங்கிட்டு வந்துட்டா வீட்ல அண்ணி சீரியல் எப்படிப் பாப்பாங்க" என்று கேட்டாள். அண்ணி சீரியல் பார்க்கவில்லை, சாயங்காலம் வரை கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் ஒரு பையன் வந்து சுவரைப் பார்த்து, மோடத்தைப் பார்த்து, எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்றதற்கு, "நான் திட்டுனப்புறம் சரியாயிருச்சுல்ல, அப்ப திட்டுனது நியாயந்தானே" என்று அவனுக்கு ஒரு கொய்யாப்பழம் கொடுத்து அனுப்பினாள். இது ஏதும் அவளுக்குத் தெரிய வேண்டாம். போனில் சொல்லலாமென்றால் அவள் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச விடுகிறாள், அதனால்தான் கடிதம்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். நீ கிளம்பிப் போகும் முன் அந்தக் கறுப்புப் பெட்டியைச் சாமி மேஜைமேல் வைத்தாய். படுக்கப் போகும்போது அம்மா வீட்டிலுள்ள எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிடுவாள், சாமிக்கு எரியும் சிவப்பு விளக்குகளை மட்டும் உயிரே போனாலும் அணைக்கமாட்டாள், ஆகவே அந்தப் பிளக்கில்தான் மின்சாரம் நிரந்தரம் என்று கணக்குப் போட்டாய். உன் புத்திசாலித்தனத்தைப் பற்றி அன்றைக்கே தெருவெல்லாம் சொன்னேன். அம்மா வரைகிற டிசைன் எல்லாம், பள்ளிச் சட்டையில் தைக்கும் பெயர் முதல் கோயில் பதாகையில் ஓடும் டிராகன் வரை, சாயங்காலமானால் தானாக அந்தப் பெட்டிக்குள் நகலாகிவிடும், நீங்கள் எதையும் தொட வேண்டாம் அப்பா என்றாய். நானும் தொடவில்லை. ஆனால் பன்னிரண்டாம் மாதம் இருபத்து நான்காம் தேதி வழக்கம்போல் சாமிகளை மேலே, வானுலகத்துக்கு, வழியனுப்பினோம். வருஷத்தில் அந்தச் சில நாள்தான் அவர்கள் வீட்டில் இல்லாத நாள், அப்போதுதான் மேஜையில் இருப்பதை நகர்த்தித் துடைக்கலாம், உனக்குத் தெரியாததா. சாம்பல் கிண்ணம், விளக்கு, பூச்சாடி எது எங்கே இருந்தது என்று சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு எல்லாவற்றையும் இறக்கினேன். உன் பெட்டியையும் இறக்கி நூல்கண்டு அலமாரியில் வைத்தேன். சாமி இல்லாதபோது அதுமட்டும் மேஜைமேல் உட்கார்ந்திருப்பது மரியாதையாகத் தெரியவில்லை.

பிறகு புதுவருஷம் வந்தது, உன் சின்னம்மா குடும்பத்தோடு வந்தாள். பாட்டு இல்லாமல் அவள் வரமாட்டாள், தன் பாட்டெல்லாம் அடைத்த விரல்நீளப் பென்டிரைவை எடுத்து வந்து நம் கம்ப்யூட்டர் முதுகில் சொருகினாள். இரண்டு நாள் பாடினாள். பக்கத்துவீட்டு நாய் ஊரைவிட்டே போய்விட்டு அவள் கிளம்பியபிறகு திரும்பி வந்தது. சின்னம்மா போனாள், பென்டிரைவ் போகவில்லை. முதல் மாதம் நான்காம் நாள் சாமிகளை வரவேற்றோம், சாக்பீஸ் கோட்டின்மேல் இம்மியும் பிசகாமல் எல்லாவற்றையும் வைத்தேன், உன் பெட்டியையும் வைத்துப் பிளக்கைச் சொருகினேன். சாமிகள் திரும்பி வந்தார்கள், பெட்டியும் திரும்பி வந்தது, நகல் மட்டும் வரவில்லை. நீ ஒவ்வொரு தடவை பேசும்போதும் பச்சை விளக்கு சிமிட்டுகிறதா அப்பா என்று கேட்பாய், நான் எட்டிப் பார்த்துவிட்டுச் சிமிட்டுகிறது என்பேன். பாவ்ஜு கடையில்தான் தெரிந்தது, நான் இவ்வளவு காலமாகப் பார்த்துக்கொண்டிருந்தது பக்கத்திலேயே அதே மாதிரி கறுப்பாக உட்கார்ந்திருந்த மோடத்தின் விளக்கை என்று. கம்ப்யூட்டரின் ஓரத்தில் தினமும் ஒரு சின்னச் சீட்டு எட்டிப் பார்க்கும், இங்கிலீஷில் ஏதோ கேட்கும். விளம்பரம் என்று நினைத்து அது மனம் நோகாதபடி மெல்ல மூடிவிடுவேன்.

பத்து நாள் முன்னால் கம்ப்யூட்டர் முனக ஆரம்பித்தது. உள்ளே யாரோ பல்லைக் கடிப்பது போல. அம்மா கவலைப்படவில்லை, "பொண்ணு நகல் எடுக்க வச்சுட்டுத்தான போயிருக்கா, இது செத்தா செத்துட்டுப் போகுது" என்றாள். எனக்கும் அந்த நம்பிக்கைதான், சும்மா பார்த்துவைப்போமே என்று பெட்டிக்குள் திறந்து பார்த்தால், சாமிகள் மேலே போன நாளோடு எல்லாம் நின்றிருந்தது. பழைய டிசைன்களெல்லாம் இருந்தன, புலி இல்லை. அந்தப் புலியைப் பற்றி அம்மா உனக்குச் சொல்லியிருப்பாள். மூன்றாம் மாத ஊர்வலத்தில் புலிச்சாமியைத் தூக்கி வருகிறவர்களுக்கு முதுகில் புலிமுகம் தைத்த மேல்சட்டை வேண்டுமென்று நம் தெருமுனைக் கோயில் தலைவர் லோ கேட்டிருந்தார். வருஷக் கடைசியில் வலது கண்ணில் புரை எடுத்த பிறகு அம்மாவால் திரையைப் பார்த்து வெகுநேரம் உட்கார முடியவில்லை, கொஞ்சம் வரைவாள், கண்ணை மூடிச் சாய்ந்துகொள்வாள், மறுபடி கொஞ்சம் வரைவாள், முதல் மாதம் முழுக்க இதே வேலை. முடித்த அன்றைக்கு, "இன்னொரு தடவ வரையச் சொன்னா என்னால ஆகாதுங்க" என்றாள். சலித்துக்கொண்டு சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள், அதுதான் எனக்கு உறுத்தியது. அந்தப் புலி உலகத்தில் ஒரே ஒரு இடத்தில் இருந்தது, அந்த இடம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது.

உன்னிடம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். உனக்கு வேலையில் முக்கியமான வாரம் என்று சொன்னாய், நான்கூட ஒரு ஆண்பிள்ளை, ஒரு பெட்டியைச் சமாளிக்கமாட்டேனா என்று ஒரு வீம்பு. முதலில் எனக்குத் தெரிந்த வழியில் போனேன். பெட்டியைச் சாமி மேஜையில் வைத்தது அவர்களுக்குப் பிடிக்கவில்லையோ என்று சந்தேகம், ஊதுபத்தி கொளுத்தி, சாமியிடம் குறி கேட்கும் மூங்கில் பிறைக்கட்டைகளைத் தரையில் போட்டுக் கேட்டேன். இரண்டும் தட்டைப் பக்கம் மேலே பார்க்க விழுந்தன. அப்படி விழுந்தால் பதில் கிடையாது, சாமி சிரிக்கிறது என்று அர்த்தம். நான் சரியாகக் கேட்கவில்லையோ என்று, என் பேர் வெங் சூய்தியான், எம்பிராய்டரிக் கடைக்காரன், இன்ன விலாசம் என்று முழுசாகச் சொல்லி மறுபடி போட்டேன். சிரித்தார்கள். மூன்றாம் தடவையும் சிரித்தார்கள். நான் துண்டை எடுத்துக்கொண்டு பாவ்ஜு கடைக்குக் கிளம்பியது அதற்குப் பிறகுதான், அந்தத் துண்டுக் கதையை மேலே எழுதிவிட்டேன்.

அம்மா செவ்வாய்க்கிழமை காலையில் தலை கழுவிக்கொள்ளச் சலூனுக்குப் போவாள், அங்கே தலை அலசுவதைவிட ஊர்க்கதை அலசுவது அதிகம், நிதானமாகத்தான் வருவாள். அந்த நேரத்துக்குப் பாவ்ஜுவை வீட்டுக்கே வரச் சொன்னேன். வந்து கம்ப்யூட்டர் முதுகைத் தடவி, சின்னம்மாவின் பென்டிரைவை உருவி என் மூக்குக்கு நேராகப் பிடித்து, "அண்ணே, ஒங்க நகலெல்லாம் இதுக்குள்ளதான் போயி மூச்சு முட்டிக் கெடக்கு" என்றாள். எனக்குப் புரிந்த வரையில் விஷயம் இது. கல்யாண விருந்தில் உன் பெரியம்மா கை கழுவ எழுந்து போகிறாள், அந்த நாற்காலியில் சின்னம்மா வந்து உட்கார்ந்துவிடுகிறாள். பரிமாறுகிறவனுக்கு ஆள் முக்கியமில்லை, நாற்காலி நம்பர்தான் முக்கியம், மீனை அவள் முன்னால் வைத்துக்கொண்டே இருக்கிறான். பெரியம்மா திரும்பி வந்து வேறு நாற்காலியில் பசியோடு உட்கார்ந்திருக்கிறாள், அவளை யாரும் கவனிக்கவில்லை. சின்னம்மா தட்டு நிறைந்து வழிந்ததும் பரிமாறுகிறவன் ஓரத்தில் நின்று இடமில்லை இடமில்லை என்று கத்துகிறான், அந்தச் சீட்டைத்தான் நான் தினமும் மூடிக்கொண்டிருந்தேன். அப்படியானால் புலி அந்தப் பென்டிரைவில் இருக்குமே என்று கேட்டேன். தேடிப் பார்த்தாள். புலியின் ஒரு மீசையும் காதின் முனையும் வரைந்த அன்றைய நகலோடு அது நிறைந்துவிட்டது. மிச்சப் புலிக்கு இடம் கொடுக்காமல் சின்னம்மாவின் காதல் பாட்டுகள் அடைத்துக்கொண்டிருந்தன.

பாவ்ஜு பெட்டிக்குப் பழைய நம்பரையே திருப்பிக் கொடுத்து, முதலில் புலியை இழுத்துப் போட்டாள். கொஞ்ச தூரம் போய் நின்றது. கம்ப்யூட்டர் பெரிதாக ஒரு தடவை பல்லைக் கடித்தது, பிறகு சத்தமே இல்லை, அந்த அமைதிதான் பயங்கரம். "தொடாதீங்க, மூச்சுகூட விடாதீங்க" என்றாள் பாவ்ஜு. நான் விடவில்லை. அந்த நேரம் பார்த்து வாசலில் ஸ்கூட்டர் நிற்கும் சத்தம், சலூனில் ஆள் கூட்டமாம், அம்மா தலை கழுவாமலே திரும்பி வந்துவிட்டாள். என்னையும் பாவ்ஜுவையும் கம்ப்யூட்டரையும் வரிசையாகப் பார்த்து, "என்ன பாவ்ஜு, இந்தப் பக்கம்" என்றாள். பாவ்ஜு அசராமல், "தொப்பி தைக்கணும் அண்ணி, கடைப் பேர் போட்டு" என்றாள். எத்தனை தொப்பி என்று அம்மா கேட்டாள், இருபது என்று இவள் வாயில் வந்துவிட்டது. அவள் கடையில் இருப்பதே அவளும் ஒரு பூனையும்தான். அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எந்த நிறம், எந்த எழுத்து, ஓரத்தில் பூ வேண்டுமா என்று ஆரம்பித்துவிட்டாள். பாவ்ஜு பூவுக்கும் ஒப்புக்கொண்டு, ஒரு கண்ணால் நூல் நிறம் பார்த்துக்கொண்டு மறு கண்ணால் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டர் மறுபடி முனகியது. இவ்வளவு நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டாலே எரிச்சல் வந்த எனக்கு அன்றைக்கு அது சங்கீதமாக இருந்தது. தொப்பி ஓரத்துப் பூ ஊதாவா மஞ்சளா என்று அவர்கள் முடிவுசெய்வதற்குள் புலி முழுசாகப் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்தது. மற்றதும் பின்னாலேயே போனது. சாயங்காலம் கம்ப்யூட்டர் செத்துப்போனது, நல்ல சாவு. புதியது வந்துவிட்டது, தொப்பிகளுக்கான பில்லைப் பாவ்ஜு என் பேருக்குத்தான் அனுப்பப்போகிறாளாம், இருபதில் ஒன்று எனக்கு, ஊதாப் பூ போட்டது.

நகல் எடுத்தால் மட்டும் போதாது, திறந்து பார்க்க வேண்டும் என்று நீ சொல்வாயே, அதன்படி புதிய கம்ப்யூட்டரில் புலியைத் திறந்து பார்த்தேன். திரை நிறைய வந்தது. நல்ல கம்பீரம், நெற்றியில் ராஜா என்ற எழுத்து, வாயைத் திறந்தால் புலிச்சாமிக்குப் படைக்கிற முட்டையைக் கேட்கும் போலிருக்கிறது. ஆனால் பெய்ருங், ஒரு கண் சரியாக இருக்கிறது, மற்றது கொஞ்சம் இறங்கி வெளிப்பக்கம் பார்க்கிறது. முதலில் நகல் எடுத்ததில் ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தேன், பாவ்ஜுவுக்குப் போன் செய்து கேட்டேன், "நகல்ல அப்படியெல்லாம் கண்ணு எறங்காது அண்ணே, அண்ணி எப்படி வரைஞ்சாங்களோ அப்படியேதான் வரும்" என்றாள். ஆரஞ்சுத் துணியில் மாதிரிக்கு ஒன்று தைத்துக் கோயிலுக்குக் கொடுத்தோம். தலைவர் லோ அதைச் சுவரில் மாட்டி இந்தப் பக்கம் நின்று பார்த்தார், அந்தப் பக்கம் நின்று பார்த்தார், "எங்க நின்னாலும் நம்மளையே பாக்குதய்யா, இதுதான் சாமி" என்று கும்பிட்டுவிட்டு அறுபது சட்டைக்குச் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. வரும் வழியில் ஸ்கூட்டர் பின்னாலிருந்து, "நெசமாவே நல்லா வந்திருக்குங்களா" என்று கேட்டாள். நல்லா வந்திருக்கு என்றேன். அது உண்மையும்தான்.

நீ காலையில் சாப்பிடாமல் ஓடாதே, ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு சைக்கிள் விடாதே, உன் படங்களையும் எழுத்துகளையும் எங்கே நகல் எடுத்து வைத்திருக்கிறாய் என்று இன்றைக்கே திறந்து பார், விளக்கு சிமிட்டுகிறதே என்று நம்பாதே. சின்னம்மாவிடம் பென்டிரைவைப் பற்றிக் கேட்காதே, அவளும் தேடவில்லை, தெருவில் நிம்மதியாக இருக்கிறோம். சாமிகள் உன்னை வெயில் படும் பக்கமாகவே நடத்திக்கொண்டு போகட்டும், கையிலெடுத்த வேலையெல்லாம் கைகூடட்டும்.

வருகிற வியாழக்கிழமை கண் ஆஸ்பத்திரியில் நேரம் வாங்கியிருக்கிறேன். எனக்குச் செய்தித்தாள் எழுத்து மங்குகிறது, தனியாகப் போகப் பயமாயிருக்கிறது, நீயும் துணைக்கு வா என்று அம்மாவிடம் சொன்னேன். "இவ்வளவு பெரிய ஆம்பளைக்குக் கண்ணாஸ்பத்திரின்னா பயமாக்கும்" என்று சிரித்துவிட்டு வருவதாக ஒப்புக்கொண்டாள். ஆஸ்பத்திரிச் சீட்டில் யார் பேர் எழுதியிருக்கிறது என்று அவளிடம் சொல்லவில்லை.

உன் அப்பா,
வெங் சூய்தியான்