அடுப்புக்கு ஒரு குரல்

வாகை சூடுக! வேங்கை நாடுடையார், வடகரைப் பாசறையில் எழுந்தருளியிருக்கும் கோமான் செங்கண் வேளார் திருமுன், அவர் விட்டுச்சென்ற முத்திரையைக் காக்கும் பேரமைச்சர் காரி நம்பி தலைவணங்கி விடுக்கும் ஓலை. பாசறையில் யானைகள் கொழுக்க, கொசுக்கள் மெலிக.

தலைநகரில் எத்தெருவில் அடுப்பு மிகுதியோ அத்தெருவுக்கே அவையில் குரல் மிகுதி எனச் சட்டம் வகுத்தவர் இதே காரி நம்பி. வகுத்த அன்று தம் அறிவைத் தாமே மெச்சிப் பாயசமும் உண்டார். அதுமுதல் தெருத்தலைவர்கள் நாடெங்கும் வண்டி அனுப்பி, நகரில் வேலை கொட்டிக் கிடப்பதாகச் சொல்லி மக்களை ஏற்றி வந்தார்கள். அச்சொல்லை நம்பி வந்தவர்கள் பாவம், அவர்கள்மேல் குறையில்லை. தலைவர்களோ வீட்டுக்குள் தட்டி கட்டி, தட்டிக்கு ஓர் அடுப்பு மூட்டி, அடுப்புதோறும் குடிக்கூலி தண்டினார்கள். கூலி கட்டுப்படியாகாமல் துணி வெளுப்போர் ஆற்றுக்கு அப்பால் போய்விட்டமையால், அவையோர் சென்ற திங்கள் உடுத்த வேட்டியிலேயே இத்திங்களும் நாட்டை ஆள்கிறார்கள்.

இந்நிலையில், காரி நம்பி குடியிருந்த வீட்டுக்கு உரியவரும் தெருத்தலைவருமாகிய ஏறன் பூதன், அமைச்சர் குடும்பம் ஒரே அடுப்பில் சமைத்துண்பது தெருவுக்குப் பெருநட்டம் எனப் பணிவுடன் தெரிவித்து, பானை சட்டிகளையும் பணிவுடன் வெளியே வைத்தார். சட்டம் எழுதிய கை இனிச் சட்டியும் தூக்கலாமே என அமைச்சரின் மனைவியார் திருவாய் மலர்ந்தருளினார். நடுத்தெருவில் நின்ற அமைச்சருக்கு அழுகையே வந்துவிட்டது.

இதனினும் பெரிய செய்தி ஒன்றுண்டு. அரண்மனைக்கு மடைப்பள்ளி ஒன்றே; ஆகவே அவையில் குரலும் ஒன்றே. அரண்மனையையும் தட்டி கட்டிக் கூலிக்கு விடுவதென ஏறன் பூதன் அவையில் தீர்மானம் கொணர, பட்டத்தரசியார் மண்டபந்தோறும் அடுப்புகள் மூட்டி, அமைச்சர் குடும்பம் உட்பட வீடிழந்தோரையெல்லாம் கூலியின்றிக் குடியேற்றினார். துணி வெளுப்போர் கொலுமண்டபத்தில் இருக்கிறார்கள். அரியணைமேல் வேட்டிகள் காய்கின்றன. தீர்மானம் தோற்றது.

இனியேனும் சட்டத்தை நீக்கலாமே என அமைச்சர் வேண்ட, நகரிலேயே மிகுதியான குரல் தமக்கிருக்கையில் நீக்குவானேன் என அரசியார் வினவினார்.

ஆகவே அரசியார் ஆணை: கோமான் மீண்டு வருங்கால் தமக்கென ஓர் அடுப்பும் கொணர்க. அரண்மனையில் இடமில்லை. குடியிருந்தோரெல்லாம் இங்கு வந்துவிட்டமையால் ஏறன் பூதன் வீடு காலியாக உள்ளது. கூலியைப் பேசித் தீர்த்துக்கொள்க.

ஞாயிறும் திங்களும் அடுப்பும் உள்ளவரை இவ்வாணை நிற்க. முத்திரை இட்டவர் காரி நம்பி. இட்ட இடம், கோமானின் கட்டில்.