நீங்கள் இறக்காத கண்ணாடி

அங்கிள்,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, நீங்கள் கொடுத்த பெப்பர் சாஸ் பாட்டிலைத் திறந்தேன். அடியில் ஒரு விரல் அளவுதான் மிச்சம். நேற்றைய இட்லிமேல் ஊற்றியதும், மாங்காயும் கடுகும் உங்கள் தீவின் உருண்டை மிளகாயும் கலந்த அந்த நெடி மாடிவரை ஏறிவிட்டது. மேலேயிருந்து மகள் இருமினாள். “அம்மா, சீரியஸ்லி? இட்ஸ் சிக்ஸ் ஏ.எம்.!” எனக்குக் கண்ணில் தண்ணீர். சாஸ் மேல் பழியைப் போட்டேன்.

இதை உங்களால் படிக்க முடியாது. கரும்பு வெட்ட அந்தத் தீவுக்குக் கப்பலேறிய தமிழரின் கொள்ளுப்பேரன் நீங்கள். தமிழ் உங்களிடம் வந்து சேரவில்லை. நீங்கள் பேசியது தீவின் ஆங்கிலம். ஆனால் என் நினைவில் எல்லாம் தமிழாகவே பதிந்திருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

நியூ ஜெர்சியில் எங்கள் மருத்துவமனை வாசலில் நீங்கள் செக்யூரிட்டி. நான் உள்ளே ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். இரண்டு வருடம் ‘குட் மார்னிங்’ மட்டும்தான். ஒரு ஜனவரிக் குளிரில் உங்கள் சக காவலர் கத்தினார்: “மிஸ்டர் மினிஸ்டர், அந்தக் கண்ணாடியை மூடித் தொலைங்க!” கேலி என்று நினைத்தேன். நீங்கள் நிஜமாகவே மந்திரியாக இருந்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது. உங்கள் காவல் மேஜைக்கு முன்னால் இருந்த அந்த ஜன்னல் கண்ணாடியை எந்தப் பனியிலும் நீங்கள் மூடியதில்லை. ஏன் என்று கேட்டேன். மதிய உணவு இடைவேளை முழுக்கப் பதில் சொன்னீர்கள்.

இருபது வயதில் கரும்பு வெட்டுகிறவர்களின் சங்கத்தில் சேர்ந்தீர்கள். இரண்டு முறை சிறை. பிறகு தலைவர். தோட்ட முதலாளிகளால் உங்கள் ஆட்களை ஒன்றும் செய்ய முடியவில்லை.

“போலீஸை வச்சு உடைக்க முடியலைம்மா. எனக்குத் தொழிலாளர் மந்திரி பதவி குடுத்தாங்க. ஆறே மாசத்துல சங்கம் ரெண்டாப் போச்சு.”

அடுத்த அறுவடையில் அதே ஆட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அது சட்டவிரோதம் என்ற உத்தரவில் நீங்கள் கையெழுத்திட்டீர்கள். ஆலை வாசலில் அரசாங்கக் கார் போய் நின்றபோது, களையெடுக்கும் கிழவி ஒருத்தி ஜன்னலைத் தட்டினாள். “கண்ணாடியை இறக்குப்பா, உன் முகத்தைப் பாக்கணும்.” நீங்கள் இறக்கவில்லை. டிரைவரிடம் “போ” என்றீர்கள்.

நான் விடவில்லை. “அப்போ பதவியே வேணாம்னு சொல்லியிருக்கலாமே அங்கிள்?”

“உள்ள போனா நல்லது செய்யலாம்னு நினைச்சேன். செய்யவும் செஞ்சேன். வயல்ல வேலை பாக்குற பொம்பளைங்களுக்குப் பிரசவ லீவு என் கையெழுத்துலதான் வந்துச்சு.” சாப்பாட்டு டப்பாவை மூடினீர்கள். “ஆனா அந்தக் கிழவி கேட்டது லீவு இல்லையே.”

அடுத்த தேர்தலில் ஜனங்கள் உங்களைத் துரத்தினார்கள்; தீவை விட்டு இங்கே வந்துவிட்டீர்கள். “சரியாத்தான் செஞ்சாங்க” என்று சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன இலையுதிர் காலத்தில் இறந்துபோனீர்கள். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்கிறேன். பன்னிரண்டு பேர் பார்த்த வேலையை நாங்கள் ஏழு பேர் பார்க்கிறோம். களைப்பில் ஒரு நாள் ஒருவர் ரத்தம் இன்னொருவர் பெயரில் போகவிருந்தது. கடைசி நிமிடத்தில் பிடித்தோம். அன்றுதான் சங்கம் வேண்டும் என்று மருத்துவமனை முழுக்கப் பேச ஆரம்பித்தோம். எங்கள் கூடத்தில் கையெழுத்து வாங்கியது நான். சங்கம் வேண்டுமா என்று அடுத்த வாரம் வாக்கெடுப்பு. பக்கத்து மேஜைப் பெண் தினமும் கேட்கிறாள்: “நீ இருக்கேல்ல? நீ இருந்தா நானும் வோட் பண்றேன்.”

திங்கட்கிழமை மேனேஜர் கூப்பிட்டு, “யூ ஆர் எ நேச்சுரல் லீடர்” என்றார். சூப்பர்வைசர் பதவி. சூப்பர்வைசர் நிர்வாகத்தின் ஆள். அவருக்குச் சங்கமும் இல்லை, வாக்கும் இல்லை. பதவிக் கடிதத்தில் வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்திட்டுத் தரவேண்டுமாம். இன்று வெள்ளி.

“இதுல யோசிக்க என்ன இருக்கு?” என்றார் கணவர். “வீக்எண்ட் டியூட்டி கிடையாது. உள்ள இருந்துக்கிட்டே உன் ஆளுங்களுக்கு நல்லது பண்ணலாமே.” கோயம்புத்தூரில் மாமியாருக்கு அதற்குள் செய்தி போய்விட்டது. “சூப்பர்வைசரம்மா, சாப்டாச்சுங்களா?” என்று நேற்று போனில் கேட்கிறார். அவர்கள் சந்தோஷம் பொய்யில்லை. சனி, ஞாயிறு மகளோடு இருக்க எனக்கும் ஆசைதான்.

ஆனால் ‘உள்ளே இருந்து நல்லது’ என்பதை நான் ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருக்கிறேன். அதன் முடிவும் எனக்குத் தெரியும்.

மருத்துவமனைக்கு எதிர்ப்புறம் காரை நிறுத்தி இதை எழுதுகிறேன். கேட்டுக்கு வெளியே எங்கள் ஆட்கள் துண்டுப் பிரசுரம் கொடுக்கிறார்கள். பக்கத்து மேஜைப் பெண்ணும் நிற்கிறாள், இந்தக் குளிரில் தொப்பியில்லாமல். மேனேஜர்களின் கார்கள் ஜன்னலை மூடியபடி கடந்து போகின்றன.

மேனேஜர் தந்த கடிதம் பையில் இருக்கிறது, கையெழுத்தில்லாமல். அப்படியே திருப்பிக் கொடுக்கப் போகிறேன். கணவருக்குத் தெரியாது. அந்தப் பெண்ணுக்கும் தெரியாது. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன், நீங்கள் யாரிடமும் சொல்ல முடியாது என்பதால்.

கேட்டை இன்னும் அடையவில்லை. கண்ணாடியை இப்போதே இறக்கிவிட்டேன். குளிரட்டும்.