எதிர்க்காற்றில் மூன்று தட்டுகள்

பணிநாள் 212, காலை 8.20

டைட்டன், வடகரை நிலையம். எழுதுவது நிலையப் பொறியாளர் செண்பகவல்லி. இருப்பவர் இருவர்: நானும் வானிலை ஆய்வாளர் கஸ்பாரும். இருவரும் நலம். வெளியே மைனஸ் 179 டிகிரி. காற்று மலைப்பக்கமிருந்து மிதமாக வீசுகிறது.

நேற்று ஓய்வு நேரத்தில் கஸ்பாரின் தட்டுகளை எறிந்து ஒப்பிட்டோம். டிஸ்க் கோல்ஃப் என்று ஓர் ஆட்டம். பந்துக்குப் பதில் தட்டை எறிந்து தூரத்திலுள்ள கூடையில் விழவைக்க வேண்டும். தனக்கு அனுமதித்த சொந்தச் சுமையில் அவன் கொண்டுவந்தது இந்த மூன்று தட்டுகளைத்தான். நடுத்தூரம் எறிபவை, ஃபேர்வே டிரைவர் என்கிறான். மூன்றுமே கூடக்குறைய ஓவர்ஸ்டேபிள்: வேகத்தில் வலப்பக்கம் புரளாமல் நின்று, வேகம் தணிந்ததும் இடப்பக்கம் சாய்ந்து இறங்கும். இங்கே காற்று பூமியைவிட நாலு மடங்கு அடர்த்தி. சாதாரணத் தட்டு கையை விட்டதுமே குப்புறக் கவிழ்ந்துவிடும்.

மூன்றில் சிவப்புதான் பெரும் பிடிவாதக்காரன். எதிர்க்காற்றைக் கிழித்துக்கொண்டு நேராகப் போகிறது. ஆனால் காற்று முதுகுப்பக்கம் இருந்தால் பாதி வழியிலேயே இடப்பக்கம் விழுந்துவிடுகிறது. மஞ்சள் நேர்மாறு. பின்காற்றில் மிதந்து மிதந்து வெகுதூரம் போகும், எதிர்க்காற்றில் புரண்டுவிடும். நீலம் எதிலும் சுமார். இந்த விவரம் பூமிக்கு அனுப்பப்பட்டது. ஆய்வு மதிப்பு ஏதும் இல்லை.

காலை 10.05

கஸ்பார் ஆற்றுக்கு அக்கரையிலுள்ள மழைமானியைச் சரிபார்க்க வண்டியில் போயிருக்கிறான். ஆறு என்பது வறண்ட பள்ளம்தான். மீத்தேன் மழை பெய்தால் மட்டும் ஓடும். மலைமேல் மேகம் தெரிகிறது. மதியத்துக்குள் திரும்பிவிடுவதாகச் சொன்னான்.

காலை 11.30

மலையில் பெய்த மழை பள்ளத்தில் இறங்கிவிட்டது. கஸ்பார் திரும்பி வரும்போது நடு ஆற்றில் மாட்டிக்கொண்டான். வண்டியை வெள்ளம் உருட்டிக்கொண்டு போய்விட்டது. அவன் ஒரு பனிப்பாறை மேட்டில் ஏறி நிற்கிறான். நான் இக்கரையில் இருக்கிறேன். இருந்த ஒரே ட்ரோன் போன மழையிலேயே போய்விட்டது.

"எக்கா, வண்டி போயிட்டு. நான் மேட்டுல ஏறிட்டேன். காலு கையி எல்லாம் சரியா இருக்கு."

"சூட்டுக்கு எவ்வளவு இருக்கு?"

"நாலு மணி நேரம் காட்டுது. மாத்துக் கலன் வண்டியோட போயிட்டுல்லா."

இங்கே காற்றழுத்தத்துக்குக் குறைவில்லை, மூச்சுக்கலனும் இரண்டு நாளுக்கு வரும். கொல்வது குளிர் மட்டும்தான். உடையைச் சூடாக வைத்திருப்பது கைக்கு அடக்கமான ஒரு வெப்பக் கலன். ஒன்று மூன்று மணி நேரம் தாங்கும்; உடையில் இரண்டு போடலாம். கிடங்கில் பெட்டி நிறைய இருக்கிறது. ஆற்றில் இறங்கினால் திரவ மீத்தேன் சில நிமிடங்களில் உடைச்சூட்டை உறிஞ்சிவிடும். போன முறை வெள்ளம் வடிய ஒரு முழுநாள் ஆயிற்று.

பூமிக்குச் செய்தி அனுப்பிவிட்டேன். போய்ச்சேரவே ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல்.

பகல் 12.50

கலன் பெட்டியைக் கரைக்குக் கொண்டுவந்தேன். ஒரு கலனைக் கையால் எறிந்து பார்த்தேன்; பாதி ஆறுகூடத் தாண்டவில்லை. கயிறு கட்டலாம் என்றால், இந்தக் குளிரில் கயிறு சேமியாபோல ஒடிகிறது. தட்டின் அடியில் நடுவாக ஒரு கலனை ஒட்டி எறியச் சொன்னது கஸ்பார்தான். இரண்டு ஒட்டினால் தட்டு ஆட்டம் காணும் என்றான். காற்று அவன் பக்கமிருந்து என் முகத்தில் அடிக்கிறது.

நீலம் மேட்டுக்கு முன்னாலேயே விழுந்துவிட்டது.

அடுத்து சிவப்பை எடுத்தேன்.

"என்னைப் பாத்து எறியாதீங்கக்கா. வலப்பக்கம் ஒடஞ்ச பாறை ஒண்ணு தெரியுதுல்லா, அதைப் பாத்து எறிங்க. அது தானா எங்கிட்ட வரும்."

பாறையைப் பார்த்து எறிந்தேன். காற்றுக்குள் நேராகப் போயிற்று, கடைசியில் மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது. அவன் இரண்டு கையாலும் மார்போடு சேர்த்துப் பிடித்தான். நான் கரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தது.

பகல் 1.40

மேலும் கலன் அனுப்ப வேண்டுமென்றால் சிவப்பு என் கைக்குத் திரும்ப வேண்டும். அவனுக்கோ இப்போது பின்காற்று.

இதை இருவரும் ஒரே நேரத்தில் உணர்ந்தோம் என்று நினைக்கிறேன். அவனிடம் போய்ச்சேரக்கூடிய தட்டு திரும்பி வராது. திரும்பி வரக்கூடிய தட்டு என் கையில் இருக்கிறது.

"வலப்பக்கம் சரிச்சு, ஒசரமா எறிஞ்சு பாக்கேன்க்கா. வேற வழி?"

அவன் என்னைவிட நூறு மடங்கு நன்றாக எறிபவன். அழகாகத்தான் எறிந்தான். தட்டு உயரே ஏறியது, நின்றது, இடப்பக்கம் மடிந்தது. எனக்கும் அதற்கும் நடுவே இருபதடிகூட இருக்காது. திரவத்தில் விழுந்து சுழன்று போயிற்று. கையை நீட்டியபடியே நின்றுகொண்டிருந்தேன்.

பகல் 2.15

மஞ்சளை எறிந்தேன். எறியும் முன் நிலையத்துக்கு ஓடி, விளிம்பில் ஈயத் துண்டுகளை ஒட்டிக் கனமாக்கினேன். அப்போதாவது புரளாது என்று நினைத்தேன்.

புரண்டது.

அதன் பிறகு சாப்பாட்டுத் தட்டை எறிந்தேன். காற்றாடி மூடியை எறிந்தேன். கலன்கள் ஒவ்வொன்றாக ஆற்றில் விழுவதை அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"போதும்க்கா. தோளு எறங்கிரப்போவுது."

பிற்பகல் 3.20

பூமியிலிருந்து பதில். கட்டுப்பாட்டு அறையில் பொறுப்பிலிருக்கும் இளங்கீரனின் குரல். அப்படியே எழுதிவைக்கிறேன்:

"செண்பகவல்லி, இங்க நாங்க நாப்பது பேர் உக்காந்து யோசிச்சோம். உங்க காலைக் குறிப்புல இருக்கற அந்த செவப்புத் தட்டு, அதுல ஒரு கலனைக் கட்டி எறிஞ்சு பாருங்க. எதிர்க்காத்துல அது ஒண்ணுதான் நிக்கும்னு கணக்கு சொல்லுது. இது உங்களுக்கு வந்து சேர்றதுக்குள்ள நீங்களே செஞ்சிருப்பீங்க. அதுக்கு மேல என்னன்னு எங்களுக்குத் தெரியலம்மா."

கஸ்பாருக்கும் போட்டுக் காட்டினேன். சிரித்தான். பாவம், நல்ல மனுசன் என்றான்.

மாலை 5.05

மழை விட்டிருக்கிறது. ஆறு இறங்கவில்லை. கரைப் பாறையில் திரவத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும் ஒரு கீறலை அடையாளம் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கீறல் இன்னும் வெளியே வரவில்லை.

அவன் பேச்சு குழறத் தொடங்கியிருக்கிறது. உடைச்சூட்டைக் குறைத்து வைத்துக்கொண்டு கலனை நீட்டிக்கிறான். ரேடியோவும் அதே கலனில்தான் ஓடுகிறது. அணைத்து வைத்தால் கால்மணி நேரமாவது மிஞ்சும் என்று நான்தான் சொன்னேன்.

"அணைச்சா சத்தமே இருக்காதேக்கா."

"நான் இங்கனதாம்ல நிக்கேன். கையை ஆட்டுதேன், பாரு. தெரியுதா?"

"தெரியுது."

"ஆறு மணிக்கு ரேடியோவைப் போடு. என்ன?"

"சரிக்கா. நீங்க உள்ள போயி எதாவது சாப்பிடுங்க. காலையிலருந்து ஒண்ணும் சாப்பிடல நீங்க."

அணைத்துவிட்டான். நான் போகவில்லை. கையை ஆட்டிக்கொண்டே இருக்கிறேன். அவனும் அவ்வப்போது ஆட்டுகிறான்.

மாலை 6.00

அழைத்தேன்.

மாலை 6.20

பதில் இல்லை. உட்கார்ந்த நிலையில் இருக்கிறான், முகம் இக்கரையைப் பார்த்து. விரல் விறைத்து, ரேடியோ பொத்தானை அழுத்த முடியாமல் இருக்கலாம். நான் அணைக்கச் சொல்லாதிருந்தால் இந்நேரம் பேசிக்கொண்டிருந்திருப்போம். கால்மணி நேரம். எதற்கு அந்தக் கால்மணி நேரம்.

கையை ஆட்டினேன். இரண்டு கையையும் ஆட்டினேன்.

மாலை 7.45

என் உடையில் புதுக் கலன் மாற்றிக்கொண்டேன். பெட்டியில் இன்னும் நிறைய இருக்கின்றன.

கீறலின் மேல்முனை வெளியே தெரிகிறது. ஒரு விரற்கடை.

பணிநாள் 213, காலை 4.30

இறங்கிப் பார்த்தேன். முழங்காலுக்கு மேல் வந்ததும் உடை அலறத் தொடங்கியது, திரும்பிவிட்டேன். இன்னும் நாலைந்து மணி நேரம் ஆகும். போன முறையைவிட வேகமாகத்தான் வடிகிறது.

இளங்கீரனிடமிருந்து மூன்று செய்திகள் வந்திருக்கின்றன. திறக்கவில்லை. கஸ்பாரின் அம்மாவைக் கட்டுப்பாட்டு அறைக்கு அழைத்துவந்திருப்பதாகத் தலைப்பில் இருக்கிறது. மகனோடு பேச வேண்டுமாம்.

காலை 5.10

இதைப் படிப்பவருக்கு. அவன் தலைவிளக்கு இன்னும் எரிகிறது. அதற்குத் தனியாகச் சிறு மின்கலன். அது ஒரு விரலைக்கூடச் சூடாக்காது, ஆனால் நாலு நாள் வெளிச்சம் தரும். அந்த வெளிச்சம் நேராக என் மேல் விழுகிறது. நகர்ந்து நின்று பார்த்தேன். அது நகரவில்லை.

ஆனாலும் கையை ஆட்டுவதை நிறுத்த முடியவில்லை. ஒருவேளை அவன் பார்த்துக்கொண்டிருந்தால், நான் நிறுத்தியதையும் பார்த்துவிடுவான்.