சீமாட்டியின் மஞ்சள் தாள்

மார்ச் 4, செவ்வாய்

கைப்பைக்காரி வந்தாள். மருமகளின் தங்கை. என் மகன் கல்யாணத்தில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து என்னை எழுப்பிவிட்டு, அதில் தன் கைப்பையை வைத்தவள். "ஒரு நிமிஷம், அத்தை" என்றாள். அந்த நிமிஷம் இன்னும் முடியவில்லை. பச்சைப் பை, வெள்ளி நிறக் கொக்கி. நான் எதையும் மறப்பவள் இல்லை. ஆனாலும் எழுதி வைத்துவிட்டால் பின்னால் யாரும் அப்படி நடக்கவே இல்லை என்று சொல்ல முடியாது.

இப்போது அவளுக்குத் தீவன ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. எங்கள் பசு சீமாட்டி இந்த மாசக் கடைசியில் கன்று போடுவாள் என்று கேள்விப்பட்டு வந்திருக்கிறாள். போன ஈற்றில் கன்று போட்ட மறுநாளே சீமாட்டிக்குக் காது சில்லிட்டுப் போய், கழுத்தை மடக்கிக்கொண்டு விழுந்துவிட்டாள். நரம்பில் மருந்து ஏற்றித்தான் எழுப்பினார்கள்.

"இந்தத் தடவையும் விழுந்தா வித்துடலாம்மா. என்னால முடியல" என்று மகன் சொல்லிவிட்டான். சொன்ன கையோடு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். நான் பெற்ற பிள்ளை.

மார்ச் 5

"கறவை மாட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து கூட்டணும்னுதானே எல்லாரும் சொல்வாங்க?" என்று கேட்டேன்.

"கன்னு போட்ட பிறகு கூட்டணும், அத்தை. முன்னாடி குறைக்கணும். வாய்க்கு வாய் கிடைச்சுட்டே இருந்தா, எலும்புல இருக்கிறதை எடுக்க உடம்பு சோம்பேறித்தனப்படும். கன்னு போட்டதும் ரத்தத்துல இருக்கிற சத்து மொத்தத்தையும் பால் இழுத்துக்கும். அப்பதான் விழுது."

அந்தச் சோம்பலை முறிக்க ஒரு உப்பு கொடுத்திருக்கிறாள். தீவனத்தில் கலந்து போட வேண்டுமாம். உப்பு வேலை செய்கிறதா என்று பார்க்க, மாட்டின் மூத்திரத்தில் தினமும் ஒரு தாளை நனைக்க வேண்டுமாம். நீலமானால் போதவில்லை, மஞ்சளானால் சரி.

அதே வாயால் என்னிடம், "உங்களுக்கு எலும்பு தேயுது. டாக்டர் குடுத்த சத்துமாவை ஒழுங்கா குடிங்க" என்கிறாள். மாட்டுக்குக் குறைக்கணும், எனக்குக் கூட்டணும். என்ன படிப்போ!

மார்ச் 6

உப்பை நக்கிப் பார்த்தேன். உவ்வே.

மார்ச் 7

சீமாட்டி தொட்டியை முகர்ந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். நான் முதன்முதலாகச் சமைத்த அன்று என் வீட்டுக்காரர் பார்த்த பார்வை. அவரையும் நான் மன்னிக்கவில்லை.

ஆனால் வாயில்லா ஜீவன் என்ன பாவம் செய்தது? உப்புத் தீவனத்தைக் கொட்டிலுக்குப் பின்னால் கொட்டிவிட்டேன். பழைய தீவனத்தில் சுண்ணாம்புத் தூளைத் தாராளமாகப் போட்டு, என் சத்துமாவையும் மேலே தூவினேன். சாக்லேட் வாசனை. தொட்டியை நக்கி நக்கிப் பளபளப்பாக்கிவிட்டாள்.

மார்ச் 8

தாள் சோதனை. பிளாஸ்டிக் குவளையோடு பின்னாலேயே அலைந்தேன். வாலைத் தூக்கினால் ஓடினேன். நான் ஓடினால் வாலை இறக்கினாள். கடைசியில் கிடைத்தது. நீலம். சாதாரண நீலமா? மைக்கூட்டைக் கவிழ்த்த மாதிரி.

நாளைக்குக் கைப்பைக்காரி தாளைக் கேட்பாள். அவளிடம் போய் நான் தோற்பதா? டப்பாவில் தாள் நிறைய இருக்கிறது. மூத்திரம் மூத்திரம்தானே.

மார்ச் 9, ஞாயிறு

மஞ்சள்!

"சூப்பர், அத்தை! இவ்வளவு சீக்கிரமாவா!" என்று குதித்தாள். என் உடம்பைப் பற்றி இத்தனை வருஷத்தில் யாரும் இப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

மார்ச் 13

தினமும் மஞ்சள். ஆராய்ச்சி நிலையக் கூட்டத்தில் சீமாட்டியின் தாளைத் திரையில் பெரிசாகப் போட்டுக் காட்டினார்களாம். எல்லோரும் கை தட்டினார்களாம். கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

மார்ச் 14, வெள்ளி

சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டாள். "முதல் நாளே எந்த மாட்டுக்கும் மஞ்சள் வராதே, அத்தை. யோசிச்சுட்டே இருந்தேன்" என்று தானே குவளையை எடுத்தாள். என்னை ஊரைச் சுற்றவிட்ட அந்தத் துரோகி, அவள் வந்து நின்றதும் வாலைத் தூக்கிவிட்டாள். நீலம்.

கைப்பைக்காரி தாளைப் பார்த்தாள். மாட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அத்தை... இத்தனை நாள் மஞ்சளும் யாரோடது?"

"நம்ம வீட்டுதுதான்."

மருமகள் சிரித்த சிரிப்பில் தீவன மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டாள். தங்கைக்காரி சிரிக்கவில்லை. மெதுவாகச் சொன்னாள்: "இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு, அத்தை. இவ விழுந்தா அத்தான் வித்துடுவார். எனக்கு ஆராய்ச்சில ஒரு மாடு குறையும். உங்களுக்கு?"

எனக்கா? காலைல என் குரல் கேட்டதும் தலையத் தூக்குறவ இந்த வீட்ல வேற யாரு இருக்கா? அவனவனுக்கு போன். அவளும் போயிட்டா நான் யாரைத் திட்டுவேன்?

இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. "உப்பு கசக்குதுடி" என்றுதான் சொன்னேன்.

மார்ச் 15

கைப்பைக்காரி உப்பை வெல்லப்பாகில் குழைத்து, ஈரத் தீவனத்தில் பிசைந்து வைத்தாள். சீமாட்டி யோசித்து யோசித்துத் தின்றாள். ஒப்பந்தம் என்னவென்றால், சீமாட்டி தொட்டியைக் காலி செய்தால் நான் சத்துமாவுக் குவளையைக் காலி செய்ய வேண்டும். மருமகள் காவல். இரண்டு பேர் வாயையும் திறந்து பார்க்கிறாள்.

மார்ச் 18

பச்சை.

மார்ச் 20

மஞ்சள். சீமாட்டியின் சொந்த மஞ்சள். என்னுடையதையும் நனைத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என்னுடையதுதான் அழகு.

மார்ச் 26, புதன்

கிடாரிக் கன்று! கைப்பைக்காரி காலையிலிருந்தே கொட்டிலில்தான். அரை மணிக்கொரு தரம் சீமாட்டியின் காதைத் தொட்டுப் பார்த்தாள். நானும் தொட்டேன். வெதுவெதுவென்று இருந்தது. மகனும் வந்து தொட்டான்.

மார்ச் 27

போன தடவை விழுந்தது கன்று போட்ட மறுநாளில்தான். மத்தியானம் சீமாட்டி படுத்தாள். கழுத்தை மடக்கினாள். ஐயோ — போச்சு — எல்லாம் போச்சுன்னு கத்திட்டேன். சத்தம் கேட்டுத் துள்ளி எழுந்து என் காலை மிதித்தாள். தூங்கிக்கொண்டிருந்தாளாம்!

இவ்வளவு சந்தோஷமாக நான் மிதிபட்டதே இல்லை. எலும்பும் உடையவில்லை. "சத்துமாவு" என்கிறாள் கைப்பைக்காரி. என் கொழுப்பு என்கிறேன் நான்.

ஏப்ரல் 2

மகன் கொட்டிலுக்குப் புதுக் கூரைத் தகடு வாங்கி வந்திருக்கிறான். விற்பது பற்றிப் பேச்சே இல்லை.

கைப்பைக்காரி கடைசியாக ஒரு தடவை சோதித்துப் பார்க்க வந்தாள். கொட்டிலில் இருப்பது ஒரே நாற்காலி. அதில் நான். தரையெல்லாம் ஈரம். தோளில் பை நழுவ நழுவ, ஒற்றைக் கையால் சீமாட்டியின் காதைத் தொட்டுக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்தேன். "அந்தப் பையை இங்க வை."

வைத்தாள். வைத்தவள் திடீரென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ அத்தை, அக்கா கல்யாணத்துலகூட உங்களை எழுப்பிட்டு நான்..."

"எப்போ?" என்றேன். "எனக்கு ஞாபகமே இல்லையே."