கோராபுட் மலைக்குப் போனவர்

ஆகஸ்ட் 12, திங்கள்
புழுக்கம். வேகவதி ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஏழாம் வகுப்புப் பூகோள நோட்டுகள் பாதிதான் திருத்தினேன்.

சாயங்காலம் தந்தி. மாமாவுக்கு இங்கிலீஷ் வராது. நானே படித்து, நானே தமிழில் சொன்னேன். ஒரிஸ்ஸாவில், கோராபுட்டில் சாலை அளக்கப் போன இடத்தில் கு.வை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. தேடுகிறார்கள். என் புருஷனைப் பற்றிய செய்தி. குரல் நடுங்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

அத்தை: "தேடறாங்கன்னுதானே போட்டிருக்குது? அப்போ கெடைப்பான்."

ஆகஸ்ட் 13, செவ்வாய்
தறி ஓடவில்லை. மாமாவும் பக்கத்து வீட்டு ரங்கையாவும் மெட்ராஸ் போய் ரயில் ஏறுகிறார்கள். மலையடி வரைக்கும் தெலுங்குதான், ரங்கையாவுக்கு வீட்டுப் பேச்சே அது.

"நானும் வரேன் மாமா."

"நீ எங்கம்மா வருவே? காடு அது."

அட்லஸைப் பார்த்து வழி எழுதிக் கொடுத்தேன். ஆந்திரா விஜயநகரத்தில் இறங்கணும், சாலூர், அப்புறம் மலைப்பாதை பஸ். கம்பளி, போர்வை, குடை. ஆடி ஆவணியில் அங்கே குளிரும் என்றேன். நான் படித்த பூகோளம் இதற்குத்தான் உதவியது.

ஆகஸ்ட் 16, வெள்ளி
பள்ளிக்கூடம் போனேன். வீட்டில் உட்கார முடியவில்லை. பாடம், கிழக்குத் தொடர்ச்சி மலை. தலைமை ஆசிரியை அம்மா, "அதை வுட்டுட்டு வேற நடத்தேன்மா" என்றார். அதையே நடத்தினேன். அடர்ந்த காடுகள், அருவிகள், மலைவாழ் மக்கள், செம்மண். முன்பெஞ்சுப் பெண் கேட்டாள்: "டீச்சர், நீங்க அருவி பார்த்திருக்கீங்களா?"

இல்லை.

பொங்கலுக்கு வந்தபோது கு. சொன்னது. தேவமாலி உச்சியில் நின்றால் மேகம் காலுக்குக் கீழே. துடுமா அருவியில் தண்ணீர் விழுவது தெரியும், போய்ச் சேருவது தெரியாது, வெறும் புகைதான். சால மரம் பூக்கும்போது காடே மணக்கும். மலைக்காரர்கள் சந்தைக்கு உப்பு வாங்கவே நாள் முழுக்க நடந்து வருவார்களாம். "தசராவுக்கு வா, எல்லாம் காட்டறேன்." துணி துவைக்கும்போது இந்தக் குரல் அப்படியே கேட்டது.

அரிசி களையணும்.

ஆகஸ்ட் 23, வெள்ளி
மாமா வந்துவிட்டார். தனியாக. வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்றார். உடம்பெல்லாம் நடுக்கம், மலை ஜுரம். ரங்கையாதான் பிடித்து உட்கார வைத்தார்.

கஷாயம் குடித்தபிறகு சொன்னார்: "தண்ணி செவப்பா போவுதும்மா. மரத்தையே வேரோட அடிச்சிக்கினு போவுது. மேகம் எறங்கி நிக்குது, எதிர்ல நிக்கிற ஆளு தெரியல. மலைக்காரங்க கயிறு கட்டி எறங்கித் தேடனாங்க, பாவம். அந்த ஆறு கீழ பள்ளத்துல போயி வுழுவுது. அங்க போனது எதுவும் வெளிய வந்ததில்லையாம்."

தம்ளரைக் கீழே வைத்துவிட்டு: "அழகுன்னா அப்படி ஒரு அழகும்மா. எங்க பார்த்தாலும் பச்சை. அதுல எங்க போயி தேடறது?"

அத்தை சமையலறையை விட்டு வரவே இல்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு
ஐயம்பேட்டையிலிருந்து பெரிய மாமா, மாமாவின் அண்ணன். தர்ப்பையில் ஆள் செய்து எரித்துக் காரியத்தை முடிக்கலாம் என்கிறார். "இந்தப் பொண்ணு எத்தினி நாள் இப்படி உக்காந்துக்கினு இருக்கும்?"

அத்தை கத்தினாள்: "எம்புள்ள உடம்பைக் காட்டு. அப்புறம் பேசு."

பிறகு அட்லஸோடு என்னிடம் வந்தாள். எழுத்துத் தெரியாது. "அந்த ஆறு எங்க போவுது, காட்டு. கரையில ஊரு இருக்குதா? யாராவது தூக்கி வெச்சிருப்பாங்களா?"

அந்தக் காட்டாற்றுக்கு அட்லஸில் கோடுகூட இல்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். வேறொரு நீலக் கோட்டின் மேல் விரலை வைத்தேன். "கரையெல்லாம் ஊருதான் அத்தே."

இரண்டு வாரத்தில் இன்றுதான் அவள் சோறு சாப்பிட்டாள்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்
செய்தது தப்பு. அத்தை மாமாவைத் திரும்பப் போகச் சொல்கிறாள். "தேவகி படிச்சவ, சொல்லுது. கரையெல்லாம் ஊருங்களாம். ஒவ்வொரு ஊரா போய்க் கேளு." மாமா ஜுரத்தோடு எழுந்து கம்பளியை மடிக்கிறார். இப்படியே போனால் அவரும் வரமாட்டார்.

அத்தை பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "ஊரு கெடையாது அத்தே. நான் பொய் சொன்னேன். பாறை, காடு, அதுக்கப்புறம் பள்ளம். அவ்ளோதான்."

அடிப்பாள் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவன் வரமாட்டான்னு உனக்கு மொதல்லயே தெரியுமா?"

"தந்தி வந்த அன்னிக்கே."

மாமா கம்பளியைத் தரையில் வைத்தார்.

செப்டம்பர் 1, ஞாயிறு
லேசான தூறல். பெரிய மாமா கூடத்தில் உட்கார்ந்து தர்ப்பையைப் பரப்பிக் கட்டினார். தலை, கை, கால். நடுவில் நிறுத்தி, யாரையும் பார்க்காமல் கேட்டார்: "புள்ள எவ்ளோ உசரம் இருப்பான்?"

மாமா சுவரைப் பார்த்தார். அத்தை வாயில் முந்தானை.

நான் எழுந்து நின்றேன். என் தலைக்கு மேலே, ஒரு சாண் தள்ளி, கையை வைத்துக் காட்டினேன். அவர் கட்டி முடிக்கிறவரை இறக்கவில்லை.