கம்பி ஹீட்டர்

12-11-1981, வியாழன்

பக்கவாதத்தில் விழுந்துபோன என் வீட்டுக்காரரின் வலது கைக்குத் தினமும் சூடு காட்டச் சொல்லியிருந்தார் டாக்டர். இன்று சிம்மக்கல் கடையில் இரண்டு வகை காட்டினார்கள். ஒன்று சிவப்பு பல்பு. மற்றது கம்பிச் சுருள் பழுக்கிற ஹீட்டர்.

"கையில உணர்ச்சி இருக்காக்கா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"இல்லண்ணே."

"அப்ப பல்பை எடுத்துட்டுப் போங்க. சூடு பதமா உள்ள இறங்கும். கம்பின்னா தோலைப் பொசுக்கிரும். அவருக்குத் தெரியவே தெரியாது."

கம்பி ஹீட்டரைக் கட்டித் தரச் சொன்னேன். பத்தொன்பது வருஷம் என்னை அறைந்த கை அது. என் இடது காது கேட்காமல் போனதும் அதனால்தான்.

சாயங்காலம் கட்டிலருகே வைத்தேன்.

"சூடே தெரியலடி. இதைக்கூட ஒழுங்கா வைக்கத் தெரியாதா? இன்னும் கிட்டக்க வை."

வைத்தேன். தோல் சிவந்தது. முழங்கைக்குக் கீழே இரண்டு கொப்புளங்கள் எழும்பின. ஹீட்டரை நான் நகர்த்தவில்லை.

அவர் குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "செவந்துருச்சு பாரு. ரத்தம் ஓடுதுடி. கை வந்துரும்" என்று அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. கொப்புளம் ஏன் என்று கேட்டார். கெட்ட நீர் வெளியேறுகிறது என்றேன். நம்பினார். இடது கையால் என் தலையைத் தடவினார்.

"நாளைக்கு இன்னும் செத்த நேரம் வை தாயி."

சரிங்க என்றேன். பாவமாகத் தோன்றும் என்று இவ்வளவு நேரம் விழித்திருந்தேன். தோன்றவில்லை. தூக்கம்தான் வருகிறது.